நடுப்பெட்டி வேண்டாம்

என் மனைவியின் சிரிப்புக்கு நான் முதலில் போட்ட விலை இரண்டு பேல் திரைத்துணி. அதுவும் மட்ட ரகம். சாம்பல் நிறத்தில் கோடு போட்டது, குடோனில் தூசி குடித்துக்கொண்டிருந்த சரக்கு. அதைத் தள்ளிவிட்டு வருகிற காசுக்குள் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிவிடலாம், அவளும் பழையபடி சிரித்துவிடுவாள் என்பது என் கணக்கு.

நாங்கள் ஞாயிறு மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கிறவர்கள். சிரிப்புப் படம் மட்டும்தான். அழுவதற்குக் கடன் வாங்கின வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜோக் வந்தால் முதலில் சிரிப்பது அவள். நடிகன் பாதி சொல்வதற்குள் மீதியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிடுவாள். அவள் சிரிக்கிறாளே என்று நான் சிரிப்பேன், ஜோக் எனக்குப் பின்னால் நிதானமாக வந்து சேரும். இருபத்து சொச்சம் வருஷமாக வீட்டில் இதுதான் ஏற்பாடு.

போன வருஷத்திலிருந்து அது தலைகீழாகிவிட்டது. நான் சிரிக்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், அப்புறம் சிரிக்கிறாள். தவணையில் வாங்கின மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு அதுவும் தேய்ந்து, படம் ஓடும்போது மடியில் துவைத்த துணியை வைத்து மடிக்க ஆரம்பித்தாள். எங்கள் திரைத்துணிக் கடையில் போன் எடுப்பதையும் என் தலையில் கட்டிவிட்டாள். "போன்ல பேசினா தலை வலிக்குதுங்க, நீங்களே பேசிக்குங்க" என்றாள்.

என் மேல் ஏதோ மனத்தாங்கல் என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில் காரணங்கள் நிறையக் கிடைத்தன, எது என்றுதான் பிடிபடவில்லை. பிறகு சந்தேகம் டி.வி. மேல் திரும்பியது. சுவரில் காலண்டர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவு மெலிசு. அதற்குள் ஸ்பீக்கர் எங்கே இருக்கும்? எங்கோ முதுகில் இருந்துகொண்டு சுவரைப் பார்த்து முணுமுணுக்கிறது. எனக்கே சில சமயம் 'என்ன சொன்னான்?' என்று கேட்கத் தோன்றும்.

"டி.வி.தான் சரியில்ல போலிருக்கு" என்றேன் ஒருநாள்.

"ஆமாங்க, அதுதான்" என்றாள் உடனே. என் பேச்சுக்கு அவள் அவ்வளவு சீக்கிரம் ஆமாம் போட்டதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் மனைவியிடம் கோளாறு என்பதைவிடச் சாமானில் கோளாறு என்பது எந்த வியாபாரிக்கும் நிம்மதி. சாமானை மாற்றிக்கொள்ளலாம்.

ஆலோசனைக்கு மச்சினனைக் கூப்பிட்டேன். என் மனைவியின் தம்பி, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஒரு பொருளையும் வாங்காமலே எல்லாப் பொருளையும் பற்றிக் கம்ப்யூட்டரில் படித்துத் தேர்ந்தவன். வந்து உட்கார்ந்ததும் டீயைக்கூடத் தொடவில்லை.

"அத்தான், முதல்ல நீங்க முடிவு பண்ண வேண்டியது, அஞ்சு புள்ளி ஒண்ணா, ஏழு புள்ளி ஒண்ணா?"

"அந்தப் புள்ளி ஒண்ணு எதுக்குப்பா? ரவுண்டா அஞ்சுன்னு போட்டுக் குடுக்க மாட்டானா?"

"அது சில்லறை இல்ல அத்தான். அஞ்சுங்கறது அஞ்சு ஸ்பீக்கர். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நடுவுல ஒண்ணு. புள்ளி ஒண்ணுன்னா சப்வூஃபர். இடி, குண்டு இதுக்கெல்லாம் தரையில வைக்கற பூம் பெட்டி."

"சரி. ரிசீவர்னு ஒண்ணு சொன்னியே?"

"எல்லாச் சத்தத்தையும் தான் வாங்கி, யாருக்கு எதுன்னு பிரிச்சுக் குடுக்கற பெட்டி. அது இல்லாம மத்தது ஒண்ணும் பேசாது."

"அப்ப நம்ம கடையில உங்க அக்கா."

"அதேதான்."

அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வாட் வந்தது, ஓம் வந்தது, ஹெர்ட்ஸ் வந்தது. நூறு வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் அஞ்சும் சேர்ந்து ஓடும்போது நூறு வராது என்றான்.

"அப்ப பொய்யா?"

"பொய் இல்ல அத்தான். ரெண்டு மட்டும் ஓடும்போது நூறு."

"புரியுது. துவைக்கறதுக்கு முன்னாடி நாப்பத்தெட்டு இஞ்சு அகலம்னு நாங்க சொல்றோமே, அது மாதிரி."

"அதை நீங்க துவைச்சதுக்கு அப்புறமும் சொல்றீங்களே அத்தான்."

என் மனைவி எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தேன். அவளுக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன: பெட்டிகள் கண்ணை உறுத்தக்கூடாது, தூசி துடைக்க ஏணி தேவைப்படக்கூடாது, ஜன்னல் திரையை மறைக்கக்கூடாது. திரைத்துணிக்காரன் வீட்டு ஜன்னல் திரை, வருகிறவர்களுக்கு அதுதான் விளம்பரம். ஆக, சின்ன ஸ்பீக்கர்கள். டி.வி.க்குக் கீழே இருந்த பலகையை இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். ஒன்பது இஞ்சுக்கு மேல் எது வந்தாலும் உதைக்கும்.

ஹோம் தியேட்டர் வாங்கப் போன கடையைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் ஒரு ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். பேரத்துக்கு நாங்கள் ஜோடியாகத்தான் போவோம். எதிராளி முன்னால் வாயால் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம், எல்லாம் சைகை. மடியில் இருக்கும் கைப்பையை அவள் தரையில் வைத்தால், 'விலை படிந்துவிட்டது, எடுத்துக்கொள்.' முந்தானையையோ துப்பட்டாவையோ இழுத்துவிட்டால், 'சரக்கு சரியில்லை.' காதைத் தொட்டால், 'எழுந்து வெளியே நடங்கள், கூப்பிடுவான்.' கல்யாணமான முதல் மாசமே பழக்கிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குச் சமையல் தெரியுமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளத் தெரியுமா என்றுதான் பார்த்தார்கள். அவள் மாமியாரையே தோற்கடித்தாள்.

கடை வாசலில் 'ஒரே விலை' என்று பலகை. படித்ததும் உற்சாகமாகிவிட்டது. பேரமே நடக்காத கடையில் அப்படிப் பலகை மாட்ட வேண்டிய அவசியம் இல்லையே. உள்ளே டை கட்டிய ஒரு நாற்பது வயதுக்காரர் எங்களை வரவேற்று, சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய ஒரு இருட்டறைக்குக் கூட்டிப் போனார். சோபா, எதிரே வெள்ளைத் திரை, அதைச் சுற்றி டப்பா டப்பாவாகக் கறுப்பு ஸ்பீக்கர்கள். நான் அங்கேயே கொஞ்சம் தடுமாறிவிட்டேன். சரக்கை இருட்டில் காட்டுகிறவனை நம்பாதே என்பது எங்கள் கடையில் பால பாடம். துணி என்றால் வாசலுக்குத் தூக்கிப் போய் வெயிலில் பிரித்துப் பார்க்கலாம், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கலாம், ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்க்கலாம். சத்தத்தை என்ன செய்வது?

"முதல்ல ஏ கேளுங்க சார்" என்றார் டைக்காரர். யாரோ இரண்டு பேர் காரில் பேசிக்கொண்டு போனார்கள். "இப்ப பி." அதே இரண்டு பேர் அதே காரில் அதையே பேசிக்கொண்டு போனார்கள். "வித்தியாசம் தெரியுதா சார்?"

"தெரியுது" என்றேன். தெரியவில்லை என்று சொன்னால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள்.

"பி-ல காத்தோட்டம் இருக்கு அத்தான்" என்றான் மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு.

"ஏ.சி. போட்டிருக்காங்கப்பா."

"இப்ப சி" என்றார் டைக்காரர். மறுபடி அந்தக் கார். எனக்கு அந்த இரண்டு பேரும் எங்கேயாவது போய்ச் சேர்ந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. மூன்று டப்பாக்களும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. விலை மட்டும் ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்கு. ரிசீவர்களைக் காட்டச் சொன்னேன். முன்பக்கம் ஒரு திருகு, பின்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டைகள். மச்சினன் பின்பக்கமே குடியேறிவிட்டான்; ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை எத்தனை என்று எண்ணுவதும் மறப்பதும் மறுபடி எண்ணுவதுமாக இருந்தான். நான் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்ததை எடுக்கலாம் என்று தோன்றியது. எனக்குப் புரிந்த ஒரே அளவு அதுதான்.

டைக்காரர் என் மனைவி பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. பேச்சு எதுல தெளிவா இருக்கு?"

அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "பேச்சு தெளிவாவே இல்லியே" என்றாள். சொல்லிவிட்டுக் காதைத் தொட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். "வாப்பா போகலாம்" என்று மச்சினனுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று கதவு வரை நடந்தேன். டைக்காரர் பின்னாலேயே வந்தார். "சார், சார், மேனேஜர்கிட்ட கேட்டு ஏதாவது பண்றேன்." திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நடிப்பு என்றால் இதுதான் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"இப்ப சத்தம் கொஞ்சம் ஏத்தி வைக்கறேன் மேடம். இப்ப?"

"சத்தம் வருது. என்ன பேசறாங்கன்னு வரல." மறுபடி காதில் கை.

மறுபடி எழுந்தேன். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை அவள் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டாள். எங்கள் ஏற்பாட்டில் அப்படி ஒரு சைகை கிடையாது. 'இன்னும் வேகமாக நட' என்று பொருள் போலிருக்கிறது என்று நானாக எடுத்துக்கொண்டு, இந்த முறை தெரு வரைக்கும் போய்விட்டேன். டைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார். 'ஒரே விலை' மூன்றாவது படியும் இறங்கி நின்றது.

கடைசியாக பி என்ற செட்டை முடித்தோம். பில் போடும் நேரத்தில் அவர் ஒரு நீளப் பெட்டியை எடுத்து வைத்துத் தட்டிக் கொடுத்தார். "சார், இருக்கறதுலயே முக்கியமானது இந்த நடுப்பெட்டிதான்."

முக்கியம் என்ற சொல்லை என் காதில் போட்டிருக்கக் கூடாது. நாங்கள் எந்தச் சரக்கைத் தட்டித் தட்டி முக்கியம் என்று சொல்வோமோ, அது போகாத சரக்கு. நானே சாம்பல் கோடு போட்ட திரைத்துணியை அன்று காலைதான் அப்படித் தட்டிக் கொடுத்து விற்றுவிட்டு வந்திருந்தேன். அந்தப் பெட்டியை நன்றாகப் பார்த்தேன். மற்றதெல்லாம் ஜோடி, இது ஒற்றை. மற்றதெல்லாம் நிற்கிறது, இது படுத்துக் கிடக்கிறது. போதாக்குறைக்கு ஒன்பது இஞ்சுப் பலகையில் ஒரு ஓரம் துருத்தும்.

"இதுக்கு எங்க தொழில்ல கட்பீஸ்னு பேர் தம்பி. இத எடுத்து வச்சிக்குங்க. இதுக்குப் பதிலா ஒயரும் ஸ்டாண்டும் சும்மா போட்டுடுங்க."

"சார், பேச்சு முழுக்க அதுலதான்..."

"பேச்சே வேணாம் தம்பி. நடுப்பெட்டி வேண்டாம்."

ரிசீவரின் முதுகிலிருந்து மச்சினன் தலை நீட்டினான். "அத்தான், அது இல்லாமலும் ஓட்டலாம்னு படிச்சிருக்கேன். நடுவுல ஒண்ணும் இல்லாமலே நடுவுலேருந்து கேக்குமாம்."

இல்லாமலே கேட்கும்! இதைவிட மலிவாக ஒரு சரக்கு உலகத்தில் உண்டா? டைக்காரர் பில்லைக் கிழித்தார். என் மனைவியின் கைப்பை மட்டும் கடைசி வரை மடியிலேயே இருந்தது. அதை நான் கவனித்தேன். காரில் வரும்போது, "ஏம்மா, விலை படியலையா?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மச்சினன் ஒயரில் சிக்கிக்கொண்டு கிடந்தான். பெட்டிக்குள் ஒரு குட்டி மைக் இருந்தது. அதை சோபாவில் வைத்து அறையை அளக்க வேண்டுமாம், அதுவரை வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாதாம். "நமக்கு எதுக்கு அத்தான் அதெல்லாம், கையாலயே போட்டுடலாம்" என்று ரிசீவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனான். மத்தியானம் மூவரும் டீயோடு உட்கார்ந்தோம். இரண்டு நாள் முன்னால்தான் வந்திருந்த ஒரு சிரிப்புப் படம், எங்களில் யாரும் பார்க்காதது. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டை இரண்டு பேருக்குத் தனித்தனியாக விற்றுவிட்டு மாட்டிக்கொள்கிற கதை.

ஆரம்பம் அமர்க்களம். பின்னால் இரண்டு மூலையிலும் மழை பெய்தது. இடி இடித்ததும் பூம் பெட்டி அதிர்ந்து டீ டம்ளர் மேஜையில் நகர்ந்தது. "எப்படி அத்தான்!" என்று மச்சினன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அண்ணன்காரன் கதவைத் திறந்தான், அந்தக் கிரீச் சத்தம் என் வலது தோள் மேலே வந்து உட்கார்ந்தது. உள்ளே வந்தான். வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

தம்பிக்காரனும் வாயைத் திறந்தான். மழை பெய்கிறது, வாசலில் நாய் குரைக்கிறது, பாத்திரம் விழுகிறது, எல்லாம் அற்புதம். இரண்டு பேரும் மீன் தொட்டி மீன் மாதிரி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னப்பா இது?"

"இருங்க அத்தான், ஒயர் லூசா இருக்கும்" என்று மச்சினன் டார்ச்சோடு டி.வி. அலமாரிக்குப் பின்னால் நுழைந்தான். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. நான் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினேன். மழை வெள்ளமாகியது. பேச்சு வரவில்லை. இவ்வளவு சாமான் வாங்கி, ஊமைப் படம் பார்க்கிற பாக்கியம்.

அப்போது என் மனைவி சிரித்தாள்.

பழைய சிரிப்பு. தவணையில்லாத, மொத்தமாகக் கையில் கொடுத்த சிரிப்பு. மடியில் இருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது, அதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தாள். நான் திரையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"எதுக்கும்மா சிரிக்கற?"

அவள் திரையிலேயே கண்ணை வைத்திருந்தாள். முழங்கையைத் தொட்டு மறுபடி கேட்டேன். திரும்பினாள்.

"அவன் சொன்னதுக்குத்தான். சாவி பேண்ட் பாக்கெட்லதான் பத்திரமா இருக்காம். பேண்ட்தான் லாண்டரில இருக்காம்!"

திரையில் தம்பிக்காரன் தன் லுங்கியின் இடுப்பைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணன்காரன் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். அவள் சொன்னது அப்படியே பொருந்தியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன கேள்விங்க இது? பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

"ஒருத்தனுக்கும் குரலே வரலியேம்மா."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கவில்லை, அப்படியே நின்றது. திரையைப் பார்த்தாள். அலமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தம்பியின் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குமா?" என்றாள்.

என் தொழிலில் எதிராளி வாயிலிருந்து தவறி விழுகிற ஒரு சொல்லுக்காகப் பொழுதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துக் காத்திருப்போம். விழுந்ததும் லபக்கென்று பிடித்துக்கொள்வோம். இது விழுந்தபோது நான் கையை நீட்டவில்லை. அவள்தான் குனிந்து கீழே கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அத்தான், இப்ப வருதா?" அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல்.

"வரல."

"இப்ப?"

"நீ அங்கயே இருப்பா." நான் எழுந்து, அவளுக்கு நேர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "எப்பலேருந்து?"

"எது?"

"காது."

"டி.வி.தான் சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான் சொன்னேன். நீ ஏன் ஆமான்னு சொன்ன?"

"நல்லதாப் போச்சுன்னு சொன்னேன்." துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "சத்தமே கேக்கலன்னு இல்லீங்க. இடி கேக்குது. நீங்க கத்தினா கேக்குது, என்ன கத்தறீங்கன்னு தெரியறதில்ல. பேசறவங்க முகத்தைப் பார்த்தா முக்கால்வாசி பிடிச்சுடுவேன். படத்துல பாதி நேரம் முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசறானுங்க. அப்பதான் உங்க முகத்தைப் பார்ப்பேன்."

"கடையில சொல்லியிருக்கலாமே!"

"கடையிலயா? அந்த ஆள்கிட்ட வாய் வலிக்கச் சொன்னேன், பேச்சு தெளிவா இல்லன்னு. ஒவ்வொரு தரமும் நீங்க எழுந்து ஓடிட்டீங்க."

"காதைத் தொட்டியே!"

"கேக்கலன்னு தொட்டேன்."

"நான் நம்ம சைகைன்னு..."

"அதானே, இவருக்கு என்ன ஆச்சு, எதுக்கு ரோட்டு வரைக்கும் போறார்னு பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டு முக்காலியை இன்னும் கிட்டே இழுத்தேன். "ஏம்மா மறைச்ச? அதச் சொல்லு."

அவள் மடித்த துணியை என் பக்கம் நீட்டிக் காட்டினாள். மேசை விரிப்பு. "உங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து பார்க்கறேன். துணியில எங்கயாவது நூல் போயிருந்தா என்ன பண்ணுவீங்க? அந்தப் பக்கத்த உள்ள வச்சு மடிப்பீங்க. நானும் மடிச்சு வச்சேன். வேற என்ன?"

பதில் இல்லாத நேரத்தில் வியாபாரி தண்ணீர் கேட்பான், யோசிக்க அவகாசம் கிடைக்கும். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன். சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் அசையவில்லை. நானே சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளரில் எடுத்து வந்தேன்.

வரும்போது மச்சினன் தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்திருந்தான். ரிமோட்டைத் தட்டித் தட்டித் திரையில் எதையோ படித்தான். "அத்தான், கண்டுபிடிச்சுட்டேன். தப்பு என் மேலதான். நடுப்பெட்டி இருக்கான்னு இது கேட்டிருக்கு, நான் ஆமான்னு போட்டுட்டேன். அதனால பேச்சு முழுக்க நடுப்பெட்டிக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. அங்க ஆளே இல்லன்னு இதுக்குத் தெரியல பாவம்."

பாவம்தான். அந்த ரிசீவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் ஒரு வருஷமாக அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்காவது ஒரு பட்டன் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடைக்குப் போய் நடுப்பெட்டியைக் கேட்டேன். டைக்காரர் என்னைப் பார்த்ததும், பேசாமல் வாசல் பலகையை விரலால் காட்டினார். ஒரே விலை. கொடுத்தேன். என் அப்பா இருந்திருந்தால் கல்லாவை என்னிடமிருந்து பிடுங்கியிருப்பார். பலகையில் அது ஓரமாகத் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சை மட்டும் தனியாக ஏற்றி வைக்க ரிசீவரில் ஒரு இடம் இருக்கிறதாம், அதை டைக்காரரே எழுதிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் காது பார்க்கிற இடம். என் மனைவியைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் ரொம்ப நேரம் சும்மா இருந்த இடங்கள் இருந்தன. அப்போதெல்லாம் அந்தப் பட்டனை நான் போய் அமுக்கிவிடலாமா என்று இருந்தது.

வெள்ளைக் கோட்டு போட்ட அம்மாள் மேசையில் இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி, அவரை விதை அளவு. "இது ஏ, இது பி. ரெண்டையும் போட்டுப் பாருங்கம்மா."

மறுபடியும் ஏ, மறுபடியும் பி. ஆனால் என் மனைவி ஏ-வை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏதாவது பேசுங்க" என்றாள்.

"என்ன பேசறது?"

"டப்பாக்குள்ள உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு." கழற்றிவிட்டு பி-யை மாட்டினாள். "இப்ப பேசுங்க."

"விலை என்னன்னு கேளு."

"இதுதான்" என்றாள் அந்த அம்மாளிடம். "இதுல இவர் இவரா இருக்கார்." சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் எழுந்துவிட்டேன். என் கால்கள் என்னைக் கேட்கவே இல்லை. கதவை நோக்கி ஒரு அடி வைத்தும்விட்டேன்.

"சார், உட்காருங்க சார், விலையில ஏதாவது பார்த்துப் பண்ணலாம்" என்றார் வெள்ளைக் கோட்டு அம்மாள் பதறிப்போய்.

என் மனைவி சிரித்தாள். முதலில் அவள்தான். நான் அப்புறம். அந்த அம்மாள் குறைத்ததை வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன், திருந்துவதற்கும் ஒரு அளவு இருக்கிறது. கீழே பார்த்தேன். அவள் கைப்பை தரையில் இருந்தது.

கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. போனது: சாம்பல் கோடு இரண்டு பேல், நடுப்பெட்டிக்காக நல்ல நீலத்தில் அரை பேல், காதுக்காக, கடையில் வைத்திருந்ததிலேயே உயர்ந்த ரகத்தில் நான்கு பேல். வந்தது: பெரிய காது ஒரு ஜோடி, அதாவது ஸ்பீக்கர், சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி, அதாவது காது, பேச்சுக்கு நடுப்பெட்டி, மற்றவை இடிக்கும் மழைக்கும். தள்ளுபடி நான்கு முறை, நான்கும் அவள் காதின் சம்பாத்தியம், என் சாமர்த்தியம் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததை அடித்துவிட்டேன். நிலுவை: என்ன ஜோக் என்றே தெரியாமல், என் முகத்தைப் பார்த்து, எனக்காக அவள் ஒரு வருஷம் சிரித்த சிரிப்புகள். ஞாயிறு மத்தியானங்களில் தவணை கட்டுகிறேன். அவள் சிரித்ததும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் சிரிக்கிறேன், ஜோக் என்னவென்று கேட்பதில்லை. பாக்கி இன்னும் நிறைய இருக்கிறது.